ராணுவ ஆஸ்பத்திரியும் முன்னாள் படைவீரர் மருத்துவமும் ஒன்றானால்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

படையில் இருக்கும்வரை ஒரு சிப்பாய்க்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் யூனிட்டின் எம்.ஐ. ரூம் என்ற சிறு மருத்துவ அறை, அங்கே தீராவிட்டால் ராணுவ ஆஸ்பத்திரி. டாக்டர், மருந்து, படுக்கை, சாப்பாடு எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரும். ஓய்வு பெற்றுப் பாலக்கோட்டுக்கோ ஊத்தங்கரைக்கோ திரும்பியதும் வழி மாறிவிடுகிறது. இனி அவருக்கு இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம்) கார்டு, அந்தத் திட்டத்தின் வெளிநோயாளி நிலையமான பாலிகிளினிக், ரெஃபரல் சீட்டு, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனை. ஆளும் அதே ஆள், முட்டிவலியும் அதே முட்டிவலி. பார்த்துக்கொள்ளும் அமைப்பு மட்டும் வேறு.

இந்த இரண்டு அமைப்புகளையும் ஒன்றாக்கலாமா என்ற கேள்வி உலகின் பல நாடுகளில் எழுந்திருக்கிறது. சில நாடுகள் செய்து பார்த்தும் இருக்கின்றன. எதையெல்லாம் இணைத்தால் அது உண்மையான இணைப்பு, எங்கே அது சிக்கிக்கொள்கிறது, கண்டோன்மென்டே (ராணுவ முகாம் நகரமே) இல்லாத நம் இரண்டு மாவட்டங்களுக்கு அதனால் என்ன பயன் என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் இரண்டும் ஏன் தனித்தனியாக வளர்ந்தன?

ராணுவ ஆஸ்பத்திரியின் முதல் கடமை போருக்கு ஆயத்தமாக இருப்பது. அமைதிக் காலத்திலும் அது படுக்கைகளையும் ரத்தத்தையும் அறுவை சிகிச்சைக் குழுக்களையும் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும். அங்கே தினமும் வருகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். எலும்பு முறிவு, காய்ச்சல், சுளுக்கு, பிரசவம் ஆகியவையே அன்றாட வேலை. முன்னாள் படைவீரருக்கு வேண்டியது வேறு: சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய அடைப்பு, சிறுநீரகம், கண்புரை, புற்றுநோய். இவை ஆண்டுக்கணக்கில் தொடரும் நோய்கள். அவசரத்துக்கு ஆயத்தமாக இருக்கும் இடமும், முப்பது வருடம் கூடவே வர வேண்டிய இடமும் ஒரே மாதிரி இயங்க முடியாது என்பதால்தான் பல நாடுகள் இரண்டையும் பிரித்து வைத்தன.

பிரித்து வைத்ததில் ஒரு நட்டமும் இருக்கிறது. ராணுவ அறுவை மருத்துவர்களுக்குச் சிக்கலான நோயாளிகள் போதுமான அளவு கிடைப்பதில்லை. வாரத்தில் ஒரு பெரிய அறுவை செய்கிறவரின் கை, தினமும் செய்கிறவரின் கைபோல இருக்காது. மறுபக்கம் முன்னாள் படைவீரர்கள் வயதானவர்கள், சிக்கலான நோயாளிகள், வரிசையில் காத்திருப்பவர்கள். ஒருபக்கம் நோயாளி தேவை, மறுபக்கம் மருத்துவர் தேவை. இணைப்பு வேண்டும் என்பவர்களின் வாதத்தில் மிக வலுவானது இதுதான். செலவு குறையும் என்ற வாதம் இதற்கு அடுத்ததுதான். அது எல்லா இடத்திலும் பலிப்பதும் இல்லை.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்காவில் பணியில் உள்ளவர்களுக்குப் பாதுகாப்புத் துறையின் மருத்துவமனைகள். ஓய்வு பெற்றவர்களுக்கு முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவமனைகள். இரண்டாவது துறைக்கு மட்டும் நாடு முழுவதும் சுமார் 170 பெரிய மருத்துவ மையங்கள் உள்ளன. ஒருவர் வசதியை மற்றவர் பயன்படுத்திக்கொள்ள வழிசெய்யும் சட்டம் 1982இல் வந்தது. அந்த அளவிலான பகிர்வில் ஸ்கேன் கருவியையோ அறுவை அரங்கையோ இன்னொரு துறைக்கு வாடகைக்கு விடுவதுபோலக் கணக்கு எழுதிக்கொள்வார்கள். நிர்வாகம் தனித்தனியாகவே இருக்கும்.

முழு இணைப்பு 2010 அக்டோபரில் நடந்தது. சிகாகோவுக்கு வடக்கே முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றும் கடற்படை மருத்துவமனை ஒன்றும் அருகருகே இருந்தன. இரண்டையும் ஒரே நிறுவனமாக்கி, அப்பல்லோ 13 விண்கலத்தின் தலைவரும் கடற்படைக் கேப்டனுமான ஜேம்ஸ் லவெல்லின் பெயரை வைத்தார்கள். தலைமை இயக்குநர் முன்னாள் படைவீரர் துறையைச் சேர்ந்தவர். துணை இயக்குநர் கடற்படை அதிகாரி. பணத்துக்கு ஒரு கூட்டு நிதி. கடற்படைப் பயிற்சி மையத்துக்குப் புதிதாக வரும் இளைஞர்களும் வியட்நாம் போருக்குப் போய்வந்த முதியவர்களும் ஒரே நிறுவனத்தின் மருத்துவர்களிடம் சிகிச்சை பெறத் தொடங்கினார்கள்.

கட்டடம் ஒன்றானது, தலைமை ஒன்றானது, பணமும் ஒரு பெட்டிக்குள் வந்தது. கணினி மட்டும் ஒன்றாகவில்லை. இரு துறைகளுக்கும் வெவ்வேறு மருத்துவப் பதிவு மென்பொருள்கள். ஒரே நோயாளிக்கு ஒரு மென்பொருளில் எழுதிய மருந்து மற்றதில் தெரியாது. ஒவ்வாமை, ஒன்றோடொன்று மோதும் மருந்துகள் ஆகியவற்றை எச்சரிக்க வேண்டிய மென்பொருள் பாதியை மட்டும் பார்த்துப் பேசாமல் இருந்துவிடும். அதனால் மருந்தாளுநர்கள் இரண்டு திரைகளையும் திறந்துவைத்துக் கண்ணால் ஒப்பிட வேண்டியிருந்தது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்த கதை. இரு துறைகளும் சேர்ந்து ஒரே மென்பொருள் எழுதும் திட்டத்தை 2013இல் கைவிட்டார்கள். பிறகு இரண்டும் ஒரே நிறுவனத்தின் மென்பொருளை வாங்கின. முன்னாள் படைவீரர் துறையில் அது 2020இல் ஸ்போகேன் நகரில் தொடங்கி, கோளாறுகள் பெருகியதால் 2023இல் மற்ற ஊர்களுக்கு விரிப்பது நிறுத்திவைக்கப்பட்டது. லவெல் மையத்தில் பொதுப் பதிவு நடைமுறைக்கு வந்தது 2024 மார்ச்சில். கட்டடமும் நிர்வாகமும் இணைந்து 13 வருடத்துக்கு மேல் கழித்துத்தான் நோயாளியின் பதிவு இணைந்தது.

இணைப்பு என்பது நான்கு மூட்டுகள்

ஒரு இணைப்பை எடைபோட, பெயர்ப்பலகையை விட்டுவிட்டு நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்: தகுதி, பணம், பதிவு, மருந்து. இவை நான்கும் சேராமல் எத்தனை அடிக்கல் நாட்டினாலும் நோயாளிக்குப் பெரிதாக எதுவும் மாறாது.

தகுதி என்றால் யார் உள்ளே வரலாம், யாருக்கு முன்னுரிமை என்பது. ஒரே படுக்கைக்குப் பணியில் உள்ள ஜவானும் 70 வயது முன்னாள் வீரரும் போட்டியிட்டால் யாருக்கு? ராணுவ ஆஸ்பத்திரியில் பொதுவாகப் பணியில் உள்ளவருக்குத்தான் முதலிடம். போர் மூண்டால் மருத்துவர்களே எல்லைக்குப் போய்விடுவார்கள். ஆகவே இணைப்புத் திட்டத்தில் “அன்றைக்கு முதியவர்களை எங்கே அனுப்புவோம்” என்பதற்கு முன்கூட்டியே எழுதிவைத்த ஏற்பாடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை வருகிறவர் நடுத்தெருவில் நிற்பார்.

பணத்தில் கேட்க வேண்டியது, செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது. இரண்டு பட்ஜெட்டுகளிலிருந்து வரும் பணத்தைப் பங்கிட, எந்தத் துறை நோயாளிக்கு எவ்வளவு வேலை நடந்தது என்ற கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு தெளிவாக இல்லாத இடத்தில் இரு தரப்பும் “அவர் உங்கள் நோயாளி” என்று சொல்லத் தொடங்கும்.

பதிவைப் பற்றி லவெல் கதையே சொல்லிவிட்டது. மருந்து என்பது இரு அமைப்புகளும் வைத்திருக்கும் மருந்துப் பட்டியல். படையில் இருந்தபோது ஒத்துப்போன மாத்திரை ஓய்வுக்குப் பின் பட்டியலில் இல்லை என்றால் மாற்றுவார்கள். மனநோய்க்கும் தீராத வலிக்கும் இப்படித் திடீரென்று மாற்றுவது ஆபத்து. இணைப்பு ஒழுங்காக நடந்தால் முதலில் ஒன்றாக வேண்டியது இந்தப் பட்டியல்தான் என்பது எங்கள் கருத்து. செலவும் குறைவு, பலனும் உடனே தெரியும்.

இந்தியாவில் பாதி இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது

2003 ஏப்ரல் 1இல் இ.சி.எச்.எஸ். தொடங்கியது. மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டத்தைப் பார்த்து வடிவமைத்தது. அதற்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு ராணுவ ஆஸ்பத்திரிதான் முக்கிய வழி, அதுவும் இடம் இருந்தால். அமெரிக்காபோல முன்னாள் வீரர்களுக்கென்று தனி மருத்துவமனைகளை இந்தியா கட்டவில்லை. பாலிகிளினிக்குகளை மட்டும் திறந்தது. இன்று நாடு முழுவதும் 400க்கும் மேல் உள்ளன. படுக்கை வேண்டிய சிகிச்சைக்கு ராணுவ ஆஸ்பத்திரி, அல்லது ஒப்பந்தம் போட்ட தனியார் மருத்துவமனை.

சேருவதற்கு ஒரே ஒரு முறை கட்டணம். 2017 டிசம்பரில் திருத்திய விகிதப்படி ஹவில்தார் வரை ரூ. 30,000, நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை ரூ. 67,000, அதிகாரிகளுக்கு ரூ. 1,20,000. 1996 ஜனவரி 1க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குக் கட்டணம் இல்லை. சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. முன்பே இருக்கும் நோய் என்று யாரையும் தள்ளுவதும் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து தனியார் காப்பீட்டில் எளிதில் கிடைக்காதவை.

ராணுவத்தோடு இது எங்கே இணைகிறது? பாலிகிளினிக்குக்கு மருந்து வாங்கி அனுப்புவது பொறுப்பிலுள்ள ராணுவ ஆஸ்பத்திரியின் மூத்த மருத்துவ அதிகாரி. ராணுவ நிலையம் உள்ள ஊர்களில் ரெஃபரல் முதலில் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போகும். அங்கே அந்த வசதி இல்லை என்றால்தான் தனியாருக்கு. ராணுவ நிலையம் இல்லாத ஊர்களில் பாலிகிளினிக்கே நேராகத் தனியாருக்கு எழுதித் தரும். எந்த மருத்துவமனை என்பதை, பட்டியலில் உள்ளவற்றிலிருந்து நோயாளி தேர்ந்தெடுக்கலாம்.

பதிவோ இணையவே இல்லை. இருபது வருடம் ராணுவத்தில் இருந்தவரின் மருத்துவ வரலாறு தானாகப் பாலிகிளினிக் கணினிக்கு வந்து சேர்வதில்லை. ஓய்வின்போது நடக்கும் மருத்துவக் குழுவின் அறிக்கை நகலை அவர் கையில் வைத்திருந்தால் உண்டு. தனியார் மருத்துவமனையில் செய்த ஆஞ்சியோகிராமும் அப்படியே. டிஸ்சார்ஜ் சம்மரிதான் பாலம்.

பணத்தின் வழி இப்படி: தனியார் மருத்துவமனை பில்லை இணையத்தில் ஏற்றும். பில் சரிபார்க்கும் நிறுவனம் சோதிக்கும். பிறகு இ.சி.எச்.எஸ். மண்டல மையம் அனுமதித்துப் பணம் விடும். கேள்வி எழுந்தால் பில் திரும்பி வரும், மறுபடி வரிசை. பணம் தாமதமானால் சில மருத்துவமனைகள் ரொக்கமில்லாச் சிகிச்சைக்குத் தயங்குகின்றன, அல்லது “படுக்கை இல்லை” என்கின்றன. கார்டு வைத்திருப்பவர் அனுபவிக்கும் அவமானத்துக்குப் பெரும்பாலும் வேர் இங்கேதான் இருக்கிறது; வாசலில் நிற்கும் ஊழியரிடம் இல்லை.

நம் ஊருக்கு எந்த மாதிரி பொருந்தும்?

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ராணுவ ஆஸ்பத்திரி கிடையாது. ஓசூர்க்காரருக்கு 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே விமானப் படையின் கமாண்ட் ஆஸ்பத்திரி இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். அரூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ அது ஒருநாள் வேலை. அஞ்செட்டி, தளி மலைக் கிராமங்களில் தனியாக இருக்கும் படைவீரரின் மனைவிக்குப் பேருந்து நேரம்தான் மருத்துவ நேரம். லவெல் மாதிரி, இரண்டு மருத்துவமனைகள் ஏற்கெனவே பக்கத்தில் நிற்கும் ஊருக்குச் சரி. இங்கே இணைப்பதற்கு இரண்டில் ஒன்றுகூட இல்லை.

நமக்குப் பொருந்துவது பிரிட்டன் போன வழி என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். பிரிட்டன் 1990களில் ராணுவ மருத்துவமனைகளை ஒவ்வொன்றாக மூடியது. கடைசியாக மிஞ்சிய ஹாஸ்லர் மருத்துவமனையிலிருந்து ராணுவம் 2007இல் வெளியேறியது. ராணுவ மருத்துவர்கள் பர்மிங்ஹாம் முதலிய நகரங்களின் பொது மருத்துவமனைகளில் வேலை செய்யத் தொடங்கினார்கள். காயம்பட்டு வந்த வீரர்களும் அங்கேயே சிகிச்சை பெற்றார்கள். முன்னாள் வீரர்களுக்கும் அதே பொது மருத்துவம்தான். தங்கள் சொந்த வார்டை இழந்ததில் அங்குள்ள வீரர்களுக்கு வருத்தம் இருந்தது உண்மை. ஆனால் விபத்து நோயாளிகளைத் தினமும் பார்த்த ராணுவ அறுவை மருத்துவர்களின் கை தேர்ந்தது.

இதை இங்கே பொருத்திப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை 44 கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகத் தொப்பூர் கணவாய்க்கு இறங்குகிறது. அந்த இறக்கத்தில் லாரிகள் கட்டுப்பாடு இழந்து நடக்கும் விபத்துகளை இந்த மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. நசுங்கிய கால், வயிற்றுக்குள் ரத்தக்கசிவு, தலைக்காயம் ஆகியவை போர்க்களக் காயங்களுக்கு மிக நெருங்கியவை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ராணுவ அறுவைக் குழு ஒன்று சுழற்சி முறையில் வேலை செய்தால் அவர்களுக்குப் பயிற்சி, மாவட்டத்துக்குக் கூடுதல் கை, முன்னாள் வீரருக்குத் தன் மொழியை அறிந்த அரசு மருத்துவமனையிலேயே ராணுவ மருத்துவர். கிருஷ்ணகிரியிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. புதிதாக எந்தக் கட்டடமும் வேண்டாம். மாநில அரசும் பாதுகாப்பு அமைச்சகமும் மேலே சொன்ன நான்கு மூட்டுகளுக்கும் எழுத்தில் விடை தரும் ஒப்பந்தம் ஒன்று போதும்.

அதுவரை கையில் இருப்பதைச் சரியாகப் பயன்படுத்துவது

இணைப்பு வராத இடத்தில் இணைக்கும் வேலை நோயாளியின் குடும்பத்தின்மேல் விழுகிறது. நியாயமில்லை என்றாலும் நடைமுறை அதுதான். மிக அதிகமாகத் தவறு நடக்கும் சில இடங்கள் இவை.

பெயர். ராணுவ ஆவணத்தில் முதலெழுத்து கடைசியில், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பென்ஷன் ஆணையில் இன்னொரு எழுத்துக்கூட்டல். மனைவியின் பிறந்த தேதி பல ஆவணங்களில் ஜனவரி 1 அல்லது ஜூலை 1. கார்டு விண்ணப்பம் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். திருத்தம் செய்ய வேண்டிய இடம் பாலிகிளினிக் அல்ல. அவர் பணியாற்றிய படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. விண்ணப்பம் எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உதவும். கணவர் உயிரோடு இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். அவருக்குப் பின் மனைவி ஒருவராகவே குடும்பப் பென்ஷனுக்கும் கார்டுக்கும் அலைவது பெரும் துன்பம்.

மருந்து. தனியார் நிபுணர் கம்பெனிப் பெயரில் எழுதுவார், பாலிகிளினிக் அதே மருந்தை வேறு பெயரில் தரும். இரண்டையும் வெவ்வேறு மருந்தென்று நினைத்துச் சேர்த்துப் போடுகிறார்கள். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை இப்படி இரட்டிப்பானால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி விடியற்காலையில் மயக்கம் வரும். சிறுநீரகம் தளர்ந்தவர் முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக்கைத் தானாக வாங்கிப் போட்டால் சிறுநீரகம் மேலும் கெடும். ஒரே தாளில் மருந்தின் மூலப்பெயர், மில்லிகிராம், எந்த வேளை என்று எழுதி, போகிற எல்லா இடத்திலும் அதையே காட்டுங்கள். பாலிகிளினிக்கில் இல்லாத மருந்தென்றால் இல்லை என்று சீட்டில் குறித்து வாங்கிக்கொண்டு, அனுமதி பெற்ற உள்ளூர் மருந்துக்கடை வழியாகக் கிடைக்குமா என்று அங்கேயே கேளுங்கள்.

ரெஃபரல். ஒரு மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது என்பதால் எல்லாச் சிகிச்சைக்கும் இருக்கிறது என்று பொருளில்லை. கண்ணுக்கு மட்டும், எலும்புக்கு மட்டும் என்று ஒப்பந்தம் இருக்கும். சேலத்துக்கோ பெங்களூருக்கோ வண்டி ஏறுமுன் அந்தத் துறைக்கு ஒப்பந்தம் நடப்பில் உள்ளதா என்று தொலைபேசியில் கேளுங்கள். சீட்டில் உள்ள கெடு முடிந்திருந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

70 வயது நிரம்பியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2024 அக்டோபரில் வந்த ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையில் ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. ஆனால் இ.சி.எச்.எஸ்.காரர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். உச்சவரம்பில்லாத திட்டத்தை விட்டு உச்சவரம்புள்ளதற்கு மாறுமுன் நன்றாக யோசியுங்கள். முகாமில் யாரோ கைரேகை கேட்டார்கள் என்பதற்காக மாறிவிடாதீர்கள்.

கடைசியாக, அவசரம். மாரடைப்பு, பக்கவாதம், விபத்து என்றால் ரெஃபரல் தேவையில்லை. பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போங்கள். பட்டியலில் உள்ள மருத்துவமனை என்றால் கார்டைக் காட்டியதும் இணையம் வழியாகத் தகவல் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. பட்டியலில் இல்லாத இடமானால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டியது குடும்பம். போனில் சொன்னாலும் எழுத்திலும் ஒன்று அனுப்பி, தேதி நேரத்தோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். செலவைக் கையிலிருந்து கட்டிப் பிறகு கேட்கலாம், கிடைப்பது சி.ஜி.எச்.எஸ். விகிதப்படி மட்டும். இந்தப் பில்கள் தள்ளுபடியாவதற்கு வழக்கமான காரணங்கள்: டிஸ்சார்ஜ் சம்மரியில் அவசர நிலை என்ற சொல்லும் வந்தபோது இருந்த அறிகுறிகளும் இல்லாதது, இனவாரியாகப் பிரிக்காத ஒற்றைத் தொகைப் பில், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கரும் கொள்முதல் ரசீதும் சேர்க்காதது. இந்த மூன்றையும் டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே, மருத்துவமனைப் படியிறங்குமுன் கேட்டு வாங்கிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் அந்த ஸ்டிக்கர் கிடைப்பது அரிது.